ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

ஹமீது சுல்தானின் சட்டைகளுக்கு ஆள் வந்தது. சைக்கிளுக்குத்தான் யாரும் வரவில்லை.

அந்தத் தெருவில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் அவர் உடுத்தியது, கட்டியது, பூசியது எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். ஹமீது சுல்தானின் அக்கா சாலிஹா முன்னால் நின்று பிரித்துக் கொடுத்தாள். பாதி காலியான துபாய் செண்டு பாட்டிலுக்கு மூன்று பேர் போட்டி. வயிறு நுழையாதவர்கள்கூட அவர் சட்டையை வாங்கி மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு போனார்கள். நடையில் சாத்தியிருந்த சைக்கிளுக்கு அருகில் வந்ததும் மட்டும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

அதன் விலை எண்பத்தைந்தாயிரம். தெருவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. மதுரையிலிருந்து அது வந்திறங்கிய அன்று, எதிர்வீட்டு மாஷிதா, "அட்டப் பொட்டி சும்மாதானே கெடக்கு, எங்க கோழி அடையுறதுக்கு ஆகும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெட்டிக்குள் பில் இருந்தது. கோழி அடைவதற்கு முன்னாலேயே தெருக்கோடி வரைக்கும் விலை போய்ச் சேர்ந்துவிட்டது.

"எம்பத்தஞ்சாயிரமா? மோட்டார் எங்கன இருக்கு?"

"மோட்டார் இல்ல. மிதிக்கணும்."

"மிதிக்கிறதுக்கா எம்பத்தஞ்சு? எங்க வீட்டு மாவாட்டுறவ மாசம் முழுக்க மிதிபடுறா, அவளுக்கு யாரு குடுக்குறா?"

இப்படிப் பேசிய தெருதான் பெரியபட்டினத்திலேயே பெரிய மனசுள்ள தெரு என்றும் பேர். இரண்டும் உண்மை.

ஹமீது சுல்தானை விவரம் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. இருபத்தாறு வருடம் துபாயில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் இருந்தவர். வெள்ளைக்காரர்கள் வந்து சாமான் வாங்குகிற கடை. வாங்கிய பைகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கார் டிக்கியில் வைப்பதுதான் முதல் பத்து வருட வேலை. காலையில் சிலர் சைக்கிளில் வருவார்கள். உள்ளே போய்வரும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சைக்கிள்களுக்கு ஸ்டாண்டு கிடையாது. பிடித்துக்கொண்டு நின்றவருக்கு ஒருநாளும் ஏறி உட்காரத் தோன்றவில்லையா என்று கேட்டால், தோன்றியதால்தான் இவ்வளவும்.

முடித்துக்கொண்டு ஊருக்கு வந்ததும் ராமநாதபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. கடையில் சாமான் வாங்க ஆரம்பித்தார். ஆலிவ் எண்ணெய் வந்தது. பாலாடைக்கட்டி வந்தது, ருசி பார்த்த மாஷிதா, "சோப்புல உப்புப் போட்டா இப்புடித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னாள். வெண்ணெய்ப் பழம் என்று ஒன்று வந்தது. வெண்ணெயும் இல்லை, பழமும் இல்லை என்று தெரு அதையும் முடித்துவைத்தது.

அவர் மனைவி மஜீதா மட்டும் சும்மா இருந்தாளா? அவளும்தான் பேசினாள். வாய் இருக்கிறது, தெருவும் அதே தெரு.

"ஏங்க, நம்ம தெருக் கடையில பாதி வெலைக்குக் கெடைக்காத எதையாச்சும் நீங்க வாங்கியிருக்கீகளா?"

அவர் சிரித்தார். "இருவத்தாறு வருசம் அடுத்தவன் டிக்கியில தூக்கி வச்சேன் மஜீதா. ஒரு தடவ என் வீட்டு அலமாரியில வச்சுப் பாக்குறேனே."

"அதுக்காகக் கொள்ள வெல குடுக்கணுமா? அந்தச் சைக்கிளுக்கு ஒங்கள நல்லா ஏமாத்திட்டான் மதுரக்காரன்."

"வெல ஜாஸ்திதான். பொய் வெல இல்ல." சைக்கிளின் கம்பியை அவர் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "நா அந்தக் கடையில பொய் வெலையும் பாத்துருக்கேன், நெச வெலையும் பாத்துருக்கேன். இது நெசம். ஒருநாளு நீயே ஒத்துக்குவே."

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் களிமண்குண்டு வரைக்கும், சில நாள் சேதுக்கரை வரைக்கும் மிதித்துப் போய்வருவார். பனங்காட்டுக்கு நடுவே அவர் போகிறபோது சத்தமே வராது என்று நுங்கு வெட்டுகிறவர்கள் சொல்வார்கள். வரும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். கல்யாணத்தன்றுகூட மஜீதா அதைப் பார்த்ததில்லை. அன்று அவருக்குக் காய்ச்சல்.

எட்டு மாதம் ஓட்டியிருப்பார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்கால அஸர் தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. ரொம்ப நாளாக உள்ளுக்குள் இருந்த அடைப்பு என்றார் டாக்டர். மிதித்ததால்தான் இத்தனை நாள் தள்ளியது என்றும் சொன்னார். டாக்டர் சொன்னதைக் கேட்டது நான்கு பேர். தெரு சொன்னதைக் கேட்டது தெரு முழுக்க: சைக்கிள் மிதித்து மிதித்து நெஞ்சு வெடித்துவிட்டது.

மையத்து எடுத்து அடக்கிய மறுநாள், மஜீதா இத்தாவில் உள்ளறையில் இருந்தாள். கணவன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் துக்கம் கேட்க வந்த ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குர்ஆன் ஓதி முடித்து, டீ வந்து, பேச்சும் வந்தது.

"எம்பத்தஞ்சாயிரம் குடுத்து, உசுரெடுக்குற மலக்குல் மௌத்தப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டியாந்துட்டாரு மனுசன்."

"பின்னாடி எங்கன உக்கார? அதுல கேரியரே இல்லையேப்பா."

சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. அடக்கிய சிரிப்பு அடக்காத சிரிப்பைவிட நன்றாகக் கேட்கும். மஜீதா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள். உயிரை எடுத்துக்கொண்டு போன மலக்கின் மேல்கூட அவளுக்கு வருத்தம் இல்லை. மண்ணுக்குள் போன மனுஷனை ஏமாளி என்று சிரித்ததுதான் நெஞ்சில் தைத்து நின்றது. இந்த ஊரில் யாராவது ஒரு ஆள் தன் வாயால், அவர் ஏமாறவில்லை, அது அந்த விலை பெறும் என்று சொல்லக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அவள் தம்பி ரிஃபாய் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடை வைத்திருக்கிறான். சைக்கிளைப் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டுப் பார்த்தான். ஒருவன் பத்தாயிரத்துக்குக் கேட்டான். இன்னொருவன், மட்கார்டு போட்டுக் கொடுத்தால் ஆறாயிரம் என்றான்.

"பள்ளிவாசலுக்குக் குடுத்துருவோம் மஜீதா" என்றாள் சாலிஹா. "நன்மையாச்சும் சேரும். நடையில இத உரசிக்கிட்டுப் போயி எம் பொடவ ரெண்டு கிழிஞ்சிருச்சு."

மஜீதாவுக்கு அந்த யோசனை வேறு வழியில் பிடித்தது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நேர்ச்சைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். போன வருடம் ஒரு சுரைக்காய் மூவாயிரத்துக்குப் போனது. ஒரு நாட்டுக்கோழியைத் துபாயிலிருந்து போனிலேயே கேட்டு ஒன்பதாயிரத்துக்கு எடுத்தார்கள். சுரைக்காய்க்கே அந்த விலை கொடுக்கிற ஜனம், நெசமான சாமானுக்கு நெசமான விலை கொடுக்காதா? இப்படிக் கணக்குப் போட்டாள். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவளே இப்படிக் கணக்குப் போட்டது ஆச்சரியம்தான். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அறிவு ஒருபக்கமாகத்தான் ஓடும்.

"சரி மைனி, குடுத்துருவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏலம் ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்கும். உள்ளறை ஜன்னலை ஒட்டி மஜீதா உட்கார்ந்தாள். பக்கத்தில் சாலிஹா. மாஷிதாவும், "ஒத்தையில என்னத்தக் கேக்க" என்று வந்து சம்மணம் போட்டுக்கொண்டாள். ஏலம் விடுகிறவர் மோதினார் அலியார். பாங்கு சொல்கிற அதே குரல்தான். ஆனால் ஏலத்தின்போது அதற்குள் ஒரு மீன்சந்தை புகுந்துகொள்ளும்.

முதலில் ஆறு முட்டை. அறுநூறு. அடுத்து, மௌலூது ஓதிய ஓர் எலுமிச்சம்பழம். ஹாஜியார் ஒருவர் இரண்டாயிரத்துக்கு எடுத்து, "பள்ளிக்கே" என்று திருப்பிக் கொடுத்தார். அலியார் அதே பழத்தை மறுபடி ஏலம் விட்டார். கொழும்பு வியாபாரி எடுத்து, அவரும் "பள்ளிக்கே" என்றார். மூன்றாவது தடவை எடுத்தவர்தான் ஒருவழியாக ஜேபியில் போட்டுக்கொண்டார். அதுதான் வழக்கம். பணத்தையும் கட்டி, எடுத்ததையும் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தஸ்து; வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் ஊறுகாய்க்கு வாங்கியவர்.

"மாஷா அல்லாஹ், மூணு தடவையும் சேத்துப் பழம் ஏழாயிரத்தத் தொட்டுருச்சு" என்றாள் மாஷிதா.

மஜீதாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"அடுத்தது," ஒலிபெருக்கி கரகரத்தது, "மர்ஹூம் ஹமீது சுல்தான் வீட்டுச் சைக்கிளு. கியரு வச்சது. நல்லாப் பாத்துக்கங்க, பின்னாடி குத்தம் சொல்லப்படாது. ஸ்டாண்டு கெடையாது. கேரியர் கெடையாது. மட்கார்டு கெடையாது. பெல்லும் கெடையாது."

"சக்கரமாச்சும் இருக்கா மோதினாரே?" என்று யாரோ கேட்டது மைக்கில் விழுந்தது. முற்றம் சிரித்தது.

"ஐநூறு!"

"ஆயிரம்!"

"ஆயிரத்து இருநூறு. இரும்புக் கடைக்குப் போட்டாக்கூட அது தேறாது, பாத்துக் கேளுங்கப்பா" என்றது மூன்றாவது குரல்.

மூவாயிரத்தில் வந்து நின்றது. பழத்துக்கு முட்டிக்கொண்ட ஹாஜியாரும் கொழும்பு வியாபாரியும் வாய் திறக்கவில்லை. எலுமிச்சம்பழத்துக்கு அதிகம் கொடுத்தால் தர்மம். சைக்கிளுக்கு அதிகம் கொடுத்தால், ஹமீது சுல்தான். அந்த வித்தியாசம் முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னலோரம் இருந்தவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மூவாயிரம் ஒருதரம்…"

மஜீதா போனை எடுத்தாள். ரிஃபாய் எடுத்தான்.

"எம்பத்தஞ்சாயிரம்னு கேளு."

"லாத்தா! கிறுக்கு எதுவும் புடிச்சிருச்சா? நீ குடுத்த சாமான நீயே காசு குடுத்து வாங்குவியா?"

"கேளுடா."

"சரி, அஞ்சுக்குக் கேக்குறேன், முடிஞ்சிரும். வீட்டுக்கு வந்துரும்."

"அஞ்சுக்கு வாங்குற சாமானா அது? எம்பத்தஞ்சுன்னு சொல்லு. மக்காவுக்கு உம்ரா போக வச்ச பணம் இருக்கு. ரெண்டு பேரு போறதுக்கு வச்சது. இனி யாரு கூட நா போவேன்?"

சாலிஹா வாயைப் பொத்திக்கொண்டாள். மாஷிதா பொத்தவில்லை, அது திறந்தே இருந்தது.

"மூவாயிரம் ரெண்டுதரம்…"

"எம்பத்தஞ்சாயிரம்" என்ற ரிஃபாயின் குரல் ஒலிபெருக்கியில் தள்ளி எங்கேயோ கேட்டது.

கடல் பக்கமிருந்து வந்த காற்று மைக்கில் மோதுவதுகூடக் கேட்டது.

"எவ்வளவு? ஏலே ரிஃபாயி, மைக்குக்குக் கிட்ட வா. எவ்வளவு சொன்னே?"

"எம்பத்தஞ்சாயிரம். எங்க லாத்தா கேக்குறாக."

"அல்லாஹு அக்பர்!" அலியாரின் குரலிலிருந்த மீன்சந்தை ஒரே நொடியில் காலியானது. மூன்று தரம் சொல்லி முடித்தார். அதோடு நிறுத்தாமல் கையை ஏந்தி துஆ ஓத ஆரம்பித்தார். யா அல்லாஹ், மர்ஹூம் ஹமீது சுல்தானின் கப்ரை விசாலமாக்கு, வெளிச்சமாக்கு என்று அவர் கேட்கக் கேட்க, முற்றத்திலிருந்த அத்தனை ஆண்களும் ஆமீன் சொன்னார்கள். மலக்குல் மௌத்தைப் பின்னால் உட்காரவைத்த வாயும், கேரியர் இல்லை என்ற வாயும் அந்த ஆமீனில் இருந்திருக்கும்.

மஜீதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பெயரை யாரும் சிரிக்காமல் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. சைக்கிள் வீட்டுக்கு வரும். நடையில் அதே இடத்தில் சாத்தலாம். யாராவது கேட்டால் விலையைச் சொல்லலாம். அந்த விலைக்கே போனது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

துஆ முடிந்தது. அலியார் தொண்டையைச் செருமினார்.

"சைக்கிள அவுக பள்ளிக்கே திருப்பிக் குடுத்துட்டாக. மாஷா அல்லாஹ். ரெண்டாவது ஏலம்! கேளுங்க, கேளுங்க…"

"இல்ல" என்றாள் மஜீதா. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். பிறகு போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ரிஃபாயின் இரண்டு கையையும் அப்போது ஊர்ப் பெரியவர்கள் முறைவைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து திரை வரைக்கும் போனாள். நடைக்கு அந்தப் பக்கம் தெருவாசல். தெருவில் தொழுதுவிட்டுத் திரும்புகிற ஆண்கள். திரையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"மூவாயிரத்து எறநூறு. வாசல்ல நிக்குற நம்ம ஐஸ் கம்பெனி மாரிச்செல்வம். ஒருதரம்… ரெண்டுதரம்… மூணுதரம். எடுத்துக்க தம்பி. பெட்டி கட்டுறதுக்குக் கேரியர் மட்டும் வச்சுக்க."

ரிஃபாய் வந்தபோது சட்டையெல்லாம் அத்தர் வாசம். அத்தனை பேர் கட்டித் தழுவியிருந்தார்கள். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"ஏன்டா குடுத்தே?"

"நா எங்க குடுத்தேன் லாத்தா? அலியாரு எந் தோளப் புடிச்சுக்கிட்டு, 'பள்ளிக்குத்தானே?'ன்னு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் என் மொகத்தையே பாக்குறாக. இல்ல, வீட்டுக்குன்னு எந்த வாயால சொல்லச் சொல்றே?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இப்பயும் ஒண்ணும் கெட்டுப்போகல. மாரிச்செல்வம் நல்ல பய. தப்பு நடந்துபோச்சுன்னா குடுத்துருவான். போய்ச் சொல்லவா?"

சொன்னால் சைக்கிள் வரும். கூடவே பேச்சும் வரும். அப்போ அவள் தர்மத்துக்குக் கேட்கவில்லையா, நெசமாகவே அந்தக் கம்பிக்கு எண்பத்தைந்து கொடுத்தாளா, புருசனுக்குப் பொருத்தமான பொஞ்சாதிதான் என்று தெரு சிரிக்கும். சற்றுமுன் சொன்ன ஆமீனைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மஜீதா நடையைப் பார்த்தாள். சைக்கிள் சாத்தியிருந்த சுவரில் கைப்பிடி உரசிய கறுப்புத் தடம் ஒன்று இருந்தது.

"வேணாம்" என்றாள். "சொல்லாத."

"நெசமாத்தான் சொல்றியா?"

"போ. போயிச் சாப்புடு."

அதற்குள் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இத்தாவில் இருக்கிறவளைப் பார்க்கப் பெண்களுக்குத் தடை இல்லை. தடை இருந்தாலும் அன்று நிற்காது. கட்டிக்கொண்டார்கள், அழுதார்கள், அழுதபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சாலிஹா நடுவில் உட்கார்ந்து, தானே கொடுத்த மாதிரி விளக்கம் சொன்னாள்.

"மூவாயிரத்துச் சாமானுக்கு எம்பத்தஞ்சு குடுத்தா பாருங்க. அது சதக்கா, தர்மம். எந் தம்பிக்காகக் குடுத்தது. பெறுமதி உள்ளதுக்கு வெல குடுக்க யாராலயும் ஏலும். பெறாததுக்குக் குடுக்குறது இருக்கே, அதுக்குத்தான் கூலி."

எல்லாரும் தலையாட்டினார்கள். மாஷிதாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எந்தச் செய்தியையும் நேரடியாக வாயிலிருந்து வாங்கினால்தான் அவளுக்குச் செரிக்கும். மஜீதாவின் முழங்காலில் கை வைத்தாள்.

"கோவிச்சுக்காத மஜீதா. ஒங்க வீட்டுக்காரரு என்னமோ பெருசாச் சொல்லுவாரே. நெசமாவே அந்தச் சைக்கிளு அம்புட்டு வெல பெறுமா?"

இத்தனை நாள் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்த கேள்வி. சாலிஹா நிமிர்ந்து மஜீதாவைப் பார்த்தாள். பெறும் என்றால், சதக்கா எங்கே இருக்கிறது? கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிய கதைதானே? துஆவும் போச்சு, ஆமீனும் போச்சு, மறுபடியும் அந்த மனுஷன் கேரியர் இல்லாத சைக்கிளில் ஏறி உட்கார வேண்டியதுதான்.

மஜீதா தஸ்பீஹைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பெறாது" என்றாள்.

மாஷிதா மூச்சு விட்டாள். "அதானே. நானும் அன்னைக்கே சொன்னேன்."

அஸருக்குள் அந்தப் பதில் தெருவைத் தாண்டிக் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து ஹமீது சுல்தானை யாரும் சிரித்துப் பேசவில்லை. பாவம், நல்ல மனுசன், மதுரைக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான் என்று இரக்கத்தோடு சொன்னார்கள். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருத்தியும் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாவா இல்லையா என்று மஜீதாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தா முடியும் வரைக்கும் அவள் ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினாள்.